‘ஒனக்கென்ன, ஒத்த ஆளு!’ – கடைக்கார அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு. கல்யாணம் ஆகல, வேணாம்னு நானே முடிவு பண்ணிட்டேன். எட்டு வருஷமா தையல் கடை வெச்சிருக்கேன், ப்ளவுஸுல ஊசியால கல்லு, ஜரிகை வெக்கற ஆரி வொர்க்கும் உண்டு. வருமானம் பரவால்ல, ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. சொந்தத்துல மாசம் நாலு விசேஷம், எல்லாத்துக்கும் மொய், சீர்னு செய்முறை. கேட்டா ‘ஒனக்கென்ன புள்ளையா குட்டியா, ஒத்த ஆளு’ங்கறாங்க. என்னதான் பண்றது?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: தங்கச்சி, லெட்டரைப் படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுச்சு. நானும் இருபத்தேழு வருஷம் மாவுக்கடை நடத்துனவ, கழுத்துல ஒண்ணும் ஏறல, இந்த ‘ஒனக்கென்ன’வைக் கேட்டுக் கேட்டே காது தேஞ்சு போச்சு.

வெளியூர்க்காரங்களுக்கு மொய்யின்னா ஏதோ அன்பளிப்புன்னு நெனப்பு, நம்ம மதுரைப் பக்கம் அது கடன், வட்டியில்லாத கடன். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் மண்டபத்து வாசல்லயே கம்ப்யூட்டர வெச்சு ரசீது போட்டுத் தர்றாங்க, வீட்டுக்கு வீடு மொய் நோட்டு இருக்கு, அவிங்க 500 செஞ்சிருந்தா நாம கூடப் போட்டுத் திருப்பணும், கொறைஞ்சா நோட்டைப் பொரட்டும்போது மாட்டிக்குவோம். எத்தனையோ பேரு போர் போட்டது, ட்ராக்டர் எடுத்தது, கடை வெச்சது எல்லாம் இந்தக் காசுலதான். குடும்பம்னு இருந்தா கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு வரிசையா வரும், போட்டது எப்படியும் சுத்தி வந்துரும். ஒத்த ஆளுக்கு ஏது விசேஷம்? போறது மட்டும் போய்க்கிட்டே இருக்கும்.

கணக்குப் போடுவோமா? மாசம் நாலு, விசேஷத்துக்கு 500ன்னே வெச்சாலும் 2,000. வருஷத்துக்கு 24,000. எட்டு வருஷத்துக்கு 1,92,000. இது வெறும் மொய். அதுக்கு மேல கல்யாணப் பொண்ணு ப்ளவுஸுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்டாண்டுல குனிஞ்சு கல்லு வெச்சு ஓசில கொடுத்துருப்பீங்களே, நீங்க எழுதல, ஆனா எனக்குத் தெரியும். ‘கூலி எவ்வளவுடி’ன்னு ஒரு வார்த்தை கேட்டுருக்க மாட்டாங்க.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க, யாருக்கு எப்ப எவ்வளவு செஞ்சீங்கன்னு ஞாபகம் இருக்கறதெல்லாம் எழுதுங்க. ஓசில தச்ச ப்ளவுஸையும் கூலி போட்டு எழுதுங்க, அதுதான் இனிமே ஒங்க செய்முறை, ப்ளவுஸ் கொடுத்த வீட்டுக்கு மொய் கெடையாது. அண்ணன் தம்பி புள்ளைகளுக்கு அத்தை மொறை செய்யறது வேற விஷயம், அதை ஆசையா செய்ங்க.

அப்பறம் கடையைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க, இன்னொரு மிஷின் வாங்குங்க, நல்ல நாளாப் பாத்து ‘புதுக்கடை திறப்பு விழா’ன்னு பத்திரிக்கை அடிச்சு அந்த நோட்டுல இருக்குற அத்தனை பேருக்கும் கொடுங்க. மொய்யப் பத்தி ஒரு வார்த்தை போட வேணாம், வாசல்ல ஒரு டேபிளப் போட்டு நோட்டு பேனாவோட ஒரு ஆளை உக்கார வெச்சாப் போதும், நம்ம சனத்துக்கு அதுலயே புரிஞ்சுரும். நான் ரெண்டாவது கிரைண்டர் வாங்குனப்ப இதைத்தான் செஞ்சேன். எங்க பெரியம்மா ‘மாவாட்டுற மிஷினுக்கெல்லாமாடி விசேஷம்’னு வஞ்சாங்க, வஞ்சுக்கிட்டே 2,000 எழுதுனாங்க.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. தன் கல்யாணத்துக்கு வர்ற மொய்க்கு வருமான வரி கெடையாது, மத்த விசேஷத்துக்கு அந்தச் சலுகை இல்ல. கூடப்பொறந்தவங்க, சித்தப்பா, மாமா, அத்தை கொடுக்கறது கணக்குல வராது, ஆனா ஒண்ணுவிட்ட அண்ணன், ஃப்ரெண்டு, கஸ்டமர் கொடுத்ததெல்லாம் சேந்து ஒரு வருஷத்துல 50,000 தாண்டிருச்சுன்னா மொத்தத்தையும் வருமானமாக் காட்டணும். சட்டத்துக்கும் நாம கல்யாணம் பண்ணாதது கண்ணை உறுத்துது பாருங்க.

கேள்வி: 41 வயசு, பொண்ணு அமையல. ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். டெங்கு வந்து 12 நாள் கடை பூட்டு, வாடிக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போயிருச்சு. ஆளு போட்டா கட்டுபடியாகாது. வழி சொல்லுங்கக்கா.
– வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, ஒத்த ஆளு கடைக்கு பெரிய வியாதியே இதுதான். ஒரு சித்திரை மாசம், வெள்ளன நாலரை மணி, கிரைண்டர் கழுவுன தண்ணில வழுக்கி விழுந்து மணிக்கட்டு போச்சு. எக்ஸ்ரே, கட்டுன்னு மறுநாள்தான் வீட்டுக்கு விட்டாங்க. கடையில அண்டாவுல எட்டு படி அரிசி ஊறிக்கிட்டு இருக்கு, ஷட்டர் பூட்டிருக்கு, சாவி எங்கூட ஆஸ்பத்திரில, மஞ்சப்பைக்குள்ள. வந்து தொறந்தா அண்டாவுக்கு மேல நொரை பொங்கி வழிஞ்சு நிக்குது, நாத்தம் தெருமுனை வரைக்கும். அரிசி போனாப் போகுது, ரெண்டு மெஸ்ஸு போச்சு பாருங்க, அவங்க அன்னைக்கே வேற ஆளைப் பிடிச்சுட்டாங்க, திரும்பி வரவே இல்ல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா, காலைல இட்லி ஊத்தணும்ல.

அதுக்கப்பறம் எதிர்க்க இருக்குற டீக்கடை அண்ணன்கிட்ட ஒரு மாத்து சாவி கொடுத்து வெச்சேன். சாவி மட்டும் கொடுத்தாப் பத்தாது, ஷட்டருக்கு உள்பக்கம் ஒரு அட்டையில எந்த மெஸ்ஸுக்கு எத்தனை கிலோ, மெயின் சுவிட்ச் எங்கிட்டு இருக்கு, மெக்கானிக் நம்பர், எல்லாம் எழுதி ஒட்டுனேன். பதிலுக்கு அவரு ஊருக்குப் போற நாள்ல அவரு கடைக்குப் பால் வாங்கி வெக்கறது என் வேலை. அடுத்த தடவை காய்ச்சல்ல படுத்தப்ப ரெண்டு நாளு அவரு பொண்ணுதான் கடை தொறந்துச்சு, கல்லாவுல 40 ரூபா கொறைஞ்சுச்சு, போய்ட்டுப் போகுது.

ஒங்களுக்கு எதிர்க்கடைக்காரர் வேணாம், அந்த பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரே போதும். அவரு ஒங்க வாடிக்கையைத் திருடல, நீங்க பூட்டிருந்தீங்க, அவரு தொறந்திருந்தாரு, அவ்வளவுதான். அவருக்கும் மிஷின் படுக்கும், வீட்டுல கல்யாணம் கருமாதி வரும். நேராப் போய் ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே பேசுங்க, ‘எனக்கு முடியாத நாள் ஒங்ககிட்ட அனுப்புறேன், ஒங்களுக்கு முடியாத நாள் இங்க அனுப்புங்க’ன்னு. கூடவே சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு காலேஜ் பையனப் பழக்கி வைங்க. அவனுக்குக் கொடுக்கறது எங்கிட்டு இருந்து வரும்னா, மொதல்ல ஒங்களுக்குன்னு மாசம் ஒரு சம்பளம் எழுதி எடுங்க, கல்லாவுக்குள்ள அப்பப்பக் கையை விடுறதை நிறுத்துங்க, மிச்சம் எவ்வளவுன்னு அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: முத்ரா லோன் கேட்டா ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க’ங்கறாங்க. இல்லாத ஆளை எங்க போய் கூட்டிட்டு வர்றது?
– வாசகி, மேலூர்

பதில்: முத்ராங்கறது சின்னத் தொழிலுக்கு அரசாங்கம் கொண்டு வந்த கடன் திட்டம், அதுல வீட்டுக்காரர் கையெழுத்து கட்டாயம்னு ஒண்ணும் கெடையாது. 2015ல வந்தது, 50,000 வரைக்கும் வாங்குனா ‘சிசு’ன்னு பேரு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் ‘கிஷோர்’, சொத்து அடமானமும் வேணாம். சின்னத் தொழில்னு அரசாங்கத்துல பதியற உத்யம் பதிவு பண்ணிட்டுப் போங்க, ஆதாரை வெச்சு நாமளே ஆன்லைன்ல பண்ணிக்கலாம், காசு இல்ல. அப்பயும் முடியாதுன்னா ‘சரிங்க சார், காரணத்தை எழுதிக் கொடுங்க’ன்னு பைய கேளுங்க, அந்த எடத்துலயே குரல் மாறும். தண்டல் பக்கம் மட்டும் போயிராதீங்க. நான் 10,000 வாங்கி கைக்கு வந்தது 8,500, தெனம் 100 வீதம் நூறு நாள் கட்டுனேன், மழையில கடை தொறக்காத நாளும் ஆளு வாசல்ல வந்து நிப்பாரு. அதுக்கு மகளிர் குழு எவ்வளவோ மேல். 2001ல டெல்லில பிரதமர் வாஜ்பாயே ஒரு அம்மா கால்ல விழுந்து கும்பிட்டாரே, அந்தச் சின்னப்பிள்ளை அம்மா நம்ம மதுரை மாவட்டம்தான், களஞ்சியம்ங்கற மகளிர் குழுவுல சிறுகச் சிறுகச் சேத்த பொம்பளைங்களுக்குத் தலைவியா இருந்தவங்க.

கேள்வி: எனக்கப்பறம் கடையும் பேங்க்ல இருக்கறதும் தங்கச்சி மகளுக்குப் போகணும். அவளை நாமினியாப் போட்டுட்டேன். போதும்ல?
– வாசகி, ஆனையூர்

பதில்: பத்தாது. நாமினின்னா பேங்க்ல இருந்து காசை வாங்குற ஆளு, அவ்வளவுதான், சொத்து வாரிசுக்குத்தான் போகும். கல்யாணம் ஆகாத இந்துப் பொண்ணுக்கு உயில் இல்லன்னா அம்மா அப்பாவுக்கு, அவங்க இல்லன்னா அப்பா வழி வாரிசுகளுக்கு. அப்ப ‘ஒத்த ஆளு’ன்னு சொல்ற அண்ணன் தம்பி இருந்தா அவங்களும் பங்குக்கு வந்து நிப்பாங்க. வெள்ளைப் பேப்பர்ல ஒரு உயில் எழுதுங்க, ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்ல, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போடுங்க, அந்தத் தங்கச்சி மகளையே சாட்சியாப் போட்டுறாதீங்க. பதிவு பண்றது கட்டாயம் இல்ல, பண்ணிட்டா நல்லது. கடை வாடகைக் கடைன்னா அட்வான்ஸ் ரசீதையும் மிஷின் பில்லையும் எங்க வெச்சிருக்கீங்கன்னு அவகிட்ட இப்பவே காட்டுங்க.

கேள்வி: கடைக்கு வர்ற கஸ்டமரெல்லாம் ‘ஏன் இன்னும் கல்யாணம் பண்ணல’ன்னு கேக்குறாங்க, மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லவும் முடியல, வியாபாரம் போயிரும்.
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: கேட்ட ஒடனே ‘சில்லறை இருக்குமா?’ன்னு கேட்டுருங்க. பர்ஸைத் தொறந்து தேட ஆரம்பிச்சாங்கன்னா என்ன கேட்டோம்ங்கறதே மறந்துரும். ஜிபே வந்ததுல இருந்துதான் இந்த வித்தை பாதி நாளு பலிக்க மாட்டேங்குது.