முழு ஸ்காலர்ஷிப்பை யாரும் வாங்கித் தர முடியாது ஐயா

ஐயா, வணக்கம்.

மகளுக்கு வெளிநாட்டில் முதுநிலை படிக்க முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிக்கு இரண்டு லட்சம் கட்டலாமா என்று போன சனிக்கிழமை நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள், அவசரத்தில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த கன்சல்டன்சிக்கு இரண்டு லட்சம் கட்டாதீர்கள். "அட்வான்ஸ் மட்டும் போடுங்கள், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாலும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கொண்டுவந்த பல்கலைக்கழகக் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் ஸ்காலர்ஷிப் 4,000 பவுண்டு என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஆண்டுக் கட்டணம் 17,500 பவுண்டு. மீதி 13,500 பவுண்டும், அதற்கு மேல் வாடகையும் சாப்பாடும் விசாவும் உங்கள் பொறுப்பு. இது கட்டணத் தள்ளுபடி. முழு ஸ்காலர்ஷிப் என்றால் படிப்புக் கட்டணம், மாதச் செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கொடுப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலானவற்றில் பயணச் செலவும் ஏதாவதொரு வகையில் சேர்ந்துவிடும். அந்த மாதிரி ஸ்காலர்ஷிப்புகளுக்கு மாணவர்தான் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் ஏஜென்ட்டுக்கு வேலையே இல்லை. "உறுதியாக வாங்கித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

"செவனிங், ஃபுல்பிரைட், டாட் மூன்றுக்கும் போட்டுவிடுகிறோம்" என்றும் அவர்கள் சொன்னதாகச் சொன்னீர்கள். உங்கள் மகள் இப்போது சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். செவனிங் பிரிட்டிஷ் அரசுடையது, அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கட்டாயம். படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அமெரிக்காவில் முதுநிலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு கேட்பது மூன்று வருட அனுபவம். ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு வளரும் நாட்டு மாணவர்களுக்கென்று நடத்தும் முதுநிலை ஸ்காலர்ஷிப்புக்கும் இரண்டு வருடம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட இந்த ஆண்டு அவளால் விண்ணப்பிக்க முடியாது. இது அந்தந்த இணையதளத்திலேயே இருக்கும் தகவல். அதைச் சொல்லாமல் பணம் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

சரி, அவளுக்கு இப்போது என்ன இருக்கிறது?

என் கணக்கில் முதலில் வருவது எராஸ்மஸ் முண்டுஸ். ஐரோப்பிய ஒன்றியம் 2004இலிருந்து கொடுத்துவருகிறது. கடைசி வருட மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், படிப்பு தொடங்குவதற்குள் டிகிரி முடிந்திருந்தால் போதும். வயது வரம்பு கிடையாது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே முதுநிலைப் படிப்பை நடத்தும், மாணவர்கள் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பார்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்தவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோ கொடுப்பார்கள், இரண்டு வருடப் படிப்புக்கு 24 மாதமும் வரும். ஒரு யூரோவை 90 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மாதம் 1,26,000 ரூபாய். உங்கள் மகளின் துறைக்குப் பக்கத்திலேயே நிலத்தடி நீர் பற்றிய ஒரு படிப்பு இருக்கிறது. லிஸ்பன், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் நடப்பது. ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படிப்புக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி சில வருடங்களுக்குத்தான் ஒதுக்கப்படும். படிப்பு நடந்துகொண்டிருக்கும், அந்த வருடம் ஸ்காலர்ஷிப் இல்லாமல் போகலாம். அவள் சேரப்போகும் வருடத்துக்கு உண்டா என்று அந்தப் படிப்பின் பக்கத்தில் பார்த்த பிறகுதான் உழைப்பைப் போட வேண்டும்.

விண்ணப்பங்கள் பொதுவாக அக்டோபர் வாக்கில் திறக்கும், ஜனவரி, பிப்ரவரிக்குள் மூடிவிடும். வகுப்பு தொடங்குவது அடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும். இரண்டாவது, ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப். தூதரகம் வழியாக ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விண்ணப்பம் வரும். முதுநிலைக்கு மாதம் 1,44,000 யென், விமான டிக்கெட்டும் அவர்களே தருவார்கள். அதற்கு ஆராய்ச்சித் திட்டம் ஒன்று எழுத வேண்டும். எராஸ்மஸ் வேலை முடிந்ததும் அதை எடுத்துக்கொள்ளலாம், எழுதியதில் பாதி இதற்கும் உதவும்.

"8.1 சிஜிபிஏ போதுமா?" என்று கேட்டீர்கள். உள்ளே நுழையப் போதும். 9.4 வைத்திருப்பவர்களும் வருவார்கள், அவர்களில் பலர் வெளியே நிற்பார்கள். மார்க் வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்கப்புறம் அவர்கள் பார்ப்பது, இந்தப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு, அதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்பதைத்தான். அதைச் சொல்லும் இடம் மோட்டிவேஷன் லெட்டர்.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் என்னிடம் ஒரு கடிதம் காட்டினாள். "சிறு வயதிலிருந்தே தண்ணீர்மீது எனக்கு ஆர்வம் அதிகம், உலகத் தரமான கல்வி பெற்று நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்கியது. ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் பெயரை மாற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எடுத்து வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

அப்போதுதான் பேசினாள். தாத்தா வெட்டிய கிணற்றில் சின்ன வயதில் குடித்திருக்கிறாள். இப்போது அந்தத் தண்ணீரில் துவைத்தால் சோப்பு நுரைக்காது. போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கியும் உப்புதான் வந்தது என்று நீங்கள் மோட்டார் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நினைவு வைத்திருக்கிறாள். போன கோடை விடுமுறையில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, தெருவில் பதினான்கு கிணறுகளில் வாரம் ஒரு முறை அளந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறாள். கடலுக்குப் பக்கத்துக் கிணறுகளைவிட, மோட்டார் அதிகம் ஓடும் இறால் பண்ணைப் பக்கம் உப்பு கூடுதலாக இருந்ததாம். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. "இதையெல்லாம் எழுதலாமா சார், இது ப்ராஜெக்ட்கூட இல்லையே" என்றாள்.

இதைத்தான் எழுத வேண்டும் ஐயா. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்தால் கடல் நீர் உள்ளே ஏறும் என்பது அந்தப் படிப்பில் பாடமாகவே வரும். தெரியாத ஒன்றைத் தானே அளந்து பார்த்த பிள்ளை, அதற்கு விடை தேடி வருகிறாள் என்றால் தேர்வுக் குழு நின்று படிக்கும். எந்த ஊரில் எந்தப் பாடம் அவளுடைய கேள்விக்கு உதவும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். முடித்துவிட்டு என்ன செய்வாள் என்பதையும் அவளே யோசித்து எழுதட்டும். ஐந்தாறு முறை திருத்த வேண்டிவரும். நான் படித்துப் பார்க்கிறேன், எழுதித் தர மாட்டேன்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். நம் கல்லூரிகளில் வழக்கம் என்ன? "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்." அப்படி எழுதிய இரண்டு கடிதமும் மாணவியின் குரலிலேயே இருக்கும், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவளை வேலை வாங்கிய பேராசிரியரிடம் போய், தான் செய்ததை ஒரு பக்கத்தில் குறிப்பாகக் கொடுத்து, அவரையே எழுதச் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் போய் நின்றால் யாரும் எழுத மாட்டார்கள். பல இடங்களில் கடிதம் கல்லூரியின் ஈமெயில் முகவரியிலிருந்துதான் போக வேண்டும். பேராசிரியர் ஜிமெயில்தான் பயன்படுத்துகிறார் என்றால் அதையும் இப்போதே சரிசெய்ய வேண்டும். துறைத்தலைவரின் பதவியைப் பார்த்து அவரிடம் வாங்கவேண்டியதில்லை. லேபில் கூட இருந்த உதவிப் பேராசிரியர் எழுதினால் நாலு உண்மையான விஷயம் வரும்.

அப்புறம் பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் உங்கள் இனிஷியல், கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் உங்கள் முழுப் பெயர் குடும்பப் பெயராக. வெளிநாட்டில் பார்ப்பவருக்கு இது மூன்று ஆட்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஓர் எழுத்தும் மாறாமல் எழுத வேண்டும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

பணம் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முழு ஸ்காலர்ஷிப் என்றாலும் எராஸ்மஸில் விமான டிக்கெட்டும் விசா செலவும் அந்த 1,400 யூரோவுக்குள்தான் அடக்கம். அந்தப் பணம் பொதுவாக அவள் அங்கே போய்ப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் வரத் தொடங்கும். அதுவரைக்கும் டிக்கெட், விசா, அறைக்கு முன்பணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் கையிலிருந்து. கன்சல்டன்சிக்கு எடுத்து வைத்த இரண்டு லட்சத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காமலும் போகலாம். ஒரு படிப்புக்கு உலகம் முழுவதிலுமிருந்து வருவார்கள், ஸ்காலர்ஷிப் கொஞ்சம் பேருக்குத்தான். சில சமயம் "இடம் உண்டு, ஸ்காலர்ஷிப் இல்லை, சொந்தச் செலவில் வரலாம்" என்று கடிதம் வரும். என் அனுபவத்தில் குடும்பங்கள் தடுமாறுவது இந்தக் கடிதத்தில்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வயலை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, நீர் சம்பந்தப்பட்ட வேலை ஒன்றில் அவள் சேரட்டும். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் ஆனால் டாட், செவனிங் கதவுகளும் திறந்துவிடும்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று அம்மா பயப்படுவதாகச் சொன்னீர்கள். பயம் நியாயம்தான், அதை அதட்டி அடக்காதீர்கள். இந்தப் படிப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பாகப் படித்து ஊர் ஊராகப் போவார்கள். விண்ணப்பிக்கும்போதே அந்தப் படிப்பில் இருக்கும் தமிழ்ப் பெண் யாராவது கிடைத்தால், அம்மாவையே வீடியோ காலில் பேசச் சொல்லலாம். தேடிப் பார்க்கிறேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று பேரும் வாருங்கள். பாஸ்போர்ட், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், இதுவரை வந்த செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாம் வேண்டும். கிணற்று அளவு எழுதிய அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள், முதலில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.