வெளிநாட்டு முதலீடு வந்தால் மட்டும் ஏழை நாடு முன்னேறிவிடுமா?

முதலீடு போதுமா, வணிக விதிகளும் நியாயமாக இருக்க வேண்டுமா என்பது கேள்வி. இரண்டும் வேண்டும். ஆனால் பணம் எவ்வளவு வந்தது என்பதைவிட, அது எதை விட்டுச் செல்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களின் கடைசியில் தென் கொரியாவின் டேவூ நிறுவனம் அங்குள்ள தேஷ் கார்மென்ட்ஸ் என்ற ஆடை நிறுவனத்துடன் கைகோத்தது. சுமார் 130 பேர் கொரியாவுக்குப் போய்த் தையலையும் ஆலை நிர்வாகத்தையும் கற்று வந்தார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலானோர் வேலையை விட்டுவிட்டார்கள். சொந்த ஆலை தொடங்கினார்கள், அல்லது புதிய ஆலைகளில் சேர்ந்தார்கள். முதலாளிக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்! நாட்டுக்கோ அதுதான் லாபம். இன்று அதன் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. பாதுகாப்பு மட்டும் தானாக வரவில்லை: 2013-இல் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சுரங்க முதலீடு இப்படிப் பரவாது. இயந்திரம் வெளியிலிருந்து வரும், தாது கப்பல் ஏறிவிடும். அங்கே நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்ற பேரம்தான் எல்லாம். ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் அரசு டெப்ஸ்வானா வைர நிறுவனத்தில் பாதிப் பங்கைக் கையில் வைத்திருக்கிறது.

அப்புறம், வணிக நியாயம். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு மானியம் கொடுத்ததால் உலகச் சந்தையில் விலை அமுங்கியது. ஆப்பிரிக்க நாடான மாலியின் விவசாயி எவ்வளவு சிக்கனமாக விளைவித்தாலும் அந்த விலைக்குத்தான் விற்றாக வேண்டும். 2003-இல் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நான்கும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. வழக்குப் போட்டு வென்றது என்னவோ பிரேசில்தான். பதிலுக்கு வரி போட்டு மிரட்டும் பலம் அதற்கு இருந்தது. இந்த நான்குக்கும் இல்லை.