தலை வெளுத்த அந்தப் பழுப்புப் பறவை எது?

“ஜனவரி மாதம், காலை எட்டு மணி இருக்கும். எங்கள் ஊர் ஏரியில் கோரைப் புதர்களுக்கு மேலே ஒரு பெரிய பறவை தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. உடல் முழுக்கப் பழுப்பு. தலை மட்டும் வெளுத்தாற்போல் தெரிந்தது. செல்போனில் எடுத்த மூன்று படங்களும் கலங்கலாக வந்திருக்கின்றன. அண்ணன் ராஜாளி என்கிறார், எனக்குப் பருந்து என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?”

— ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

உங்கள் ஊகம் ஓரளவு கிட்டத்தில் இருக்கிறது, அண்ணனுடையது வெகுதூரம். நீங்கள் பார்த்தது சேற்றுப் பூனைப்பருந்து. பெண்ணாகவோ இளம்பறவையாகவோ இருக்க வேண்டும். ஆணுக்குச் சிறகிலும் வாலிலும் சாம்பல் நிறம் இருக்கும்; இதில் அது இல்லை.

மூன்று படங்களில் கொஞ்சமாவது தெளிவாக இருப்பது முதல் படம். ஆனால், பயன் குறைந்ததும் அதுதான். பறவை நேரே உங்களை நோக்கி வருகிறது. வால் மறைந்துவிட்டது, சிறகின் அகலமும் தெரியவில்லை. மிக மோசம் என்று நீங்கள் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய இரண்டாவது படம்தான் எனக்கு விடையைக் காட்டியது. பறவை தொலைவில் சிறகடிக்காமல் மிதந்து போகிறது. இரு சிறகுகளும் உடலிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து, ஆழமில்லாத ஒரு கிண்ணத்தின் விளிம்பு போல நிற்கின்றன. பூனைப்பருந்துகள் தாழப் பறந்து இரை தேடும்போது சிறகை இப்படித்தான் வைத்திருக்கும். நாம் வழக்கமாகப் பருந்து என்று சொல்லும் கரும்பருந்து மிதக்கும்போது அதன் சிறகுகள் மணிக்கட்டிலிருந்து நுனி வரை லேசாகக் கீழே வளைந்திருக்கும். படம் எவ்வளவு கலங்கினாலும் இந்தச் சாய்வு அழிவதில்லை. அதனால்தான் மங்கலான படத்தில் நான் நிறத்தைக் கடைசியில் பார்க்கிறேன்.

மூன்றாவது படத்தில் பறவை ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்புகிறது. வால் நீளமாக, முனை உருண்டு இருக்கிறது. கரும்பருந்தின் வால் பிளவுபட்டிருக்கும் என்பது பலருக்கும் தெரியும். வாலை முழுதாக விரித்தால் அந்தப் பிளவு காணாமல் போய்விடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வெளி இறகுகள் உதிர்ந்து முளைக்கும் பருவத்திலும் அப்படியே. ஆக, பிளவு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கரும்பருந்தைத் தள்ளிவிட முடியாது. உங்கள் படத்தில் வால் மடங்கிய நிலையில் இருப்பது நம் அதிர்ஷ்டம். மடங்கிய வாலில்தான் பிளவு நன்றாகத் தெரிய வேண்டும்; இதில் துளியும் இல்லை.

செம்பருந்தின் குஞ்சு இன்னொரு சந்தேகம். வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் வரும்வரை அதுவும் பழுப்புதான், வாலும் உருண்டதுதான். ஏரிக்கரைகளில் இதைக் கரும்பருந்து என்று எழுதிவைப்பவர்கள் ஏராளம். ஆனால் அதன் வால் இவ்வளவு நீளமில்லை. சிறகின் அடியில், நுனி இறகுகள் தொடங்கும் இடத்தில் வெளிறிய திட்டு ஒன்றும் இருக்கும். ராஜாளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருங்கழுகுகளுக்குச் சிறகு அகன்று, நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து நிற்கும். அவை கோரைக்கு மேலே ஆளுயரத்தில் போய்வந்து இரை தேடுவதும் இல்லை.

வெளுத்த தலைக்கு வருவோம். பிரகாசமான வானத்துக்கு எதிரே எடுத்த படத்தில் எந்தப் பறவையும் கறுப்பாகிவிடும். பக்கவாட்டில் வெயில் பட்டால் எந்தத் தலையும் வெளுத்துவிடும். எனவே மூன்றாவது படத்தின் இருண்ட பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். உச்சந்தலை வெளிர் மஞ்சள், தொண்டை வெளிர் மஞ்சள், நடுவில் கண்ணை ஒட்டிக் கரும்பட்டை. வெயில் இப்படிப் பட்டை போட்டு வெளுக்காது. சிறகோரத்து ஊதாக் கோட்டை நீங்கள் வட்டமிட்டு அனுப்பியிருந்தீர்கள். அது லென்ஸின் வேலை, விட்டுவிடுங்கள். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டையும் இல்லை. குளிர்காலத்தில் இங்கே வரும் மற்றப் பூனைப்பருந்துகளின் பெண்களுக்கு அது பளிச்சென்று தெரியும்.

நாளும் இடமும் கூடப் பொருந்துகின்றன. சேற்றுப் பூனைப்பருந்து வலசை வரும் பறவை. அக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். இதே படத்தை ஜூன் மாதத்தில் அனுப்பியிருந்தால் செம்பருந்துக் குஞ்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன்.

“பெரிய பறவை” என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் வானத்தில் அளவை யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் காகம் விரட்டிக்கொண்டு வந்தால் அது வாய்ப்பு. அதையும் சேர்த்துப் படமெடுங்கள். ஊர்க்காகம் ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், கரும்பருந்து 60 செ.மீ. அளவில் இருக்கும், சேற்றுப் பூனைப்பருந்து இரண்டுக்கும் இடைப்பட்டது. வல்லூறு (ஷிக்ரா) காகத்தைவிடச் சிறியது.

அடுத்த முறை இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். பறவையில் இல்லாத இறகையெல்லாம் செல்போன் தானே வரைந்து வைத்துவிடும். பறவையின் மீது விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டு, தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். அரை நிமிட வீடியோ இன்னும் நல்லது. பறக்கும் விதம் அதில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் விவரமும் நசுங்கிவிடும். பறவை அடையாளச் செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் கலங்கல் படத்துக்கு அவை காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது பெயர்களை ஏன் தள்ளுகிறோம் என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

முதல் படம் மட்டும் இருந்திருந்தால் “ஏதோ ஒரு வேட்டைப் பறவை” என்று எழுதி நிறுத்தியிருப்பேன். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையத்தளமான இ-பேர்டு பட்டியலிலும் அப்படிப் பதிவு செய்ய இடமுண்டு. தவறான பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

வந்த பறவை சில வாரங்களாவது அந்தப் பக்கம் சுற்றக்கூடும். பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதைவிடக் கோரைக்குள்ளோ தரையிலோ அடைவதே வழக்கம். அதனால் புதருக்குள் இறங்காமல் கரையிலேயே நில்லுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வெயில் உங்கள் முதுகில் விழும்படி மேற்குக் கரையில் நின்றால் சாம்பல் சிறகுள்ள ஆணும் தட்டுப்படலாம்.