கைப்பேசிக் கண்காணிப்புச் செயலி: எதுவரை?

கேள்வி: என் 12 வயது மகளின் கைப்பேசியில் கண்காணிப்புச் செயலியை நிறுவினால், அவள் யாருடன் என்ன பேசுகிறாள் என்பதை நான் அறிய முடியுமா?

பதில்: வழக்கமான கண்காணிப்புச் செயலிகளால் முடியாது. கூகுள் 2017இல் அறிமுகப்படுத்திய ஃபேமிலி லிங்க், ஆப்பிள் 2018இல் கொண்டுவந்த ஸ்கிரீன் டைம் போன்றவை பயன்பாட்டு நேரத்தை வரையறுக்கவும், புதிய செயலிகளுக்கு உங்கள் அனுமதியைக் கட்டாயமாக்கவும், தகாத தளங்களைத் தடுக்கவும் உதவுமே தவிர, உரையாடல்களின் உள்ளடக்கத்தைக் காட்டுவதில்லை. கைப்பேசி அணைந்திருந்தால் அவள் இப்போது இருக்கும் இடமும் தெரியாமல் போகலாம். தோழியின் கைப்பேசியில் அவள் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியாது. எதை நிறுவினாலும் அவளிடம் சொல்லிவிட்டே நிறுவுங்கள். எல்லாவற்றையும் ரகசியமாகப் படித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகள் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை உங்கள் மகளின் செய்திகளையும் படங்களையும் முகமறியாத நிறுவனத்தின் சர்வரில் சேர்த்துவைக்கின்றன, அங்கிருந்து அவை வெளியே கசிந்ததும் உண்டு.