பகலிரவில் நகரும் ட்ரிகர்: கார்டைக் கழற்றுமுன்

500 மீட்டர் ஒளியிழைக் கேபிளில் (ஃபைபர்) வரும் ட்ரிகர், அதாவது கருவியைச் சரியான கணத்தில் இயக்கும் துடிப்பு, பகலுக்கும் இரவுக்கும் 200 பிக்கோநொடி (ஒரு பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நகர்கிறது, நேரக் குறியை வாங்கும் டைமிங் ரிசீவர் கார்டு போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கார்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். (நல்ல கார்டைக் கழற்றி மாட்டியே நான் இரண்டு நாளை வீணடித்திருக்கிறேன்.) சாதாரண சிங்கிள் மோட் ஃபைபரில் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 40 பிக்கோநொடி தாமதம் கூடும். உங்கள் கேபிள் வெயில் படும் இடத்தில் போனால் 10 டிகிரி வித்தியாசமே போதும், கணக்கு 200இல் வந்து நிற்கிறது! கேபிளை ஒட்டி ஒரு வெப்பமானி வைத்து இரண்டு நாள் பதிவு எடுங்கள். வெப்பமும் ட்ரிகரும் சேர்ந்தே ஏறி இறங்கினால் ஃபைபர்தான் காரணம். அப்புறம், ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் உருவான ஒயிட் ராபிட் போல, ஒளி போய்வரும் நேரத்தை அளந்து தானே ஈடுகட்டும் அமைப்பைப் பாருங்கள்.