"அரை மணித்தியாலத்துக்கு முந்தி வந்தன்" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நேரத்துக்கு வருவது, முந்தியே வருவது, உடனே செய்து முடிப்பது, இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்னென்ன சொற்கள், எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் அகராதியிலேயே கிடைக்கும். நான் மாட்டுப்பட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டு. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு முழுக்க வெளிநாட்டு நிறுவனங்கள் நிறைந்திருந்த காலம். நானும் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஒருநாள் வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒன்பது மணிக்குக் கூட்டம். குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து உள்ளே போக வேண்டும். (வெளியூர்க்காரருக்கு: வாவியைக் கடக்க வாகனத்தையும் ஆளையும் ஏற்றுகிற படகுக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்றுதான் பெயர்.) எங்கள் மணிக்கூட்டில் ஒன்பதுக்கு அங்கே நின்றோம். ஒரு சனமும் இல்லை. ஒன்பதரைக்குத்தான் எல்லாரும் வந்து பாயில் இருந்தார்கள். பொறுப்பாளரான வெள்ளைக்காரருக்கு முகம் சிவந்துபோனது.

நடந்தது வேறொன்றுமில்லை. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், நாங்கள் போன ஊரிலும்தான், பழைய நேரமே ஓடியது. 2006 ஏப்ரலில் முழு நாடும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. அந்த ஊர்ச் சனம் தங்கள் ஒன்பதுக்குச் சரியாக வந்திருந்தது. நாங்கள்தான் அரை மணித்தியாலம் முந்தி.

இதை விளக்கி நான் அறிக்கை எழுதினேன்: "வீ கேம் பிஃபோர் ஹாஃப் அன் அவர்." வெள்ளைக்காரர் பேனையால் வட்டம் போட்டு, "எதற்கு முந்தி?" என்று கேட்டார்.

கோளாறு தமிழில் இருந்துதான் வந்தது. "அரை மணித்தியாலத்துக்கு முந்தி வந்தன்" என்றால் எங்களுக்கு இரண்டு பொருள். இப்போதிலிருந்து பின்னுக்கு எண்ணினால் அரை மணித்தியாலம் என்பது ஒன்று, குறித்த நேரத்தை முந்தி வந்தேன் என்பது மற்றது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவதுக்கு 'ஹாஃப் அன் அவர் அகோ', இரண்டாவதுக்கு 'ஹாஃப் அன் அவர் ஏர்லி'. 'பிஃபோர்' போடுவதென்றால் அதற்குப் பின்னால் எதற்கு முந்தி என்பது வர வேண்டும்: 'ஹாஃப் அன் அவர் பிஃபோர் த மீட்டிங்'. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை போய்விடும். படித்த ஆட்களின் கடிதங்களிலும் இன்றைக்கும் இதைக் காண்கிறேன்.

அடுத்தது 'ஒன் டைம்' (on time), 'இன் டைம்' (in time). பாதை எட்டு மணிக்கு வெளிக்கிடும் என்று வையுங்கள். எட்டுக்கே வெளிக்கிட்டால் பாதை 'ஒன் டைம்'. நீங்கள் ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஓடிப்போய்க் காலை வைத்தால் நீங்கள் 'இன் டைம்'. முதலாவது மணிக்கூட்டோடு ஒத்துப்போவது, இரண்டாவது தவறவிடாமல் பிடிப்பது. பாதை பிந்தி எட்டரைக்கு வெளிக்கிட, நீங்கள் எட்டு இருபதுக்கு வந்திருந்தாலும் 'இன் டைம்'தான். மயிரிழையில் பிடித்தால் 'இன் த நிக் ஒஃப் டைம்'. அம்மா "நேரத்தோட வெளிக்கிடு மகன்" என்பாவே, அந்த 'நேரத்தோட'வுக்கு 'இன் குட் டைம்' அச்சாகப் பொருந்தும். 'வெள்ளென வா' என்பதற்கு 'ஏர்லி'. எங்கள் சொல்லுக்குள் வானம் வெளுப்பது கிடக்கிறது, ஆனாலும் "பின்னேரம் வெள்ளென வா" என்று கூசாமல் சொல்கிறோம்.

'பங்ச்சுவல்', 'ப்ரொம்ப்ட்' இரண்டையும் விண்ணப்பக் கடிதங்களில் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். 'பங்ச்சுவல்' லத்தீனில் புள்ளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நேரப் புள்ளியில் வந்து நிற்கிற ஆளின் பழக்கத்தைச் சொல்லும். 'ப்ரொம்ப்ட்' என்பதன் அடி, வெளியே எடுத்துத் தயாராக வைத்திருப்பது. கேட்ட உடனே கொடுப்பது, தாமதியாமல் பதில் போடுவது எல்லாம் இதற்குள் வரும். நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவருக்கு 'ப்ரொம்ப்டர்' என்ற பெயரும் இதே அடியில்தான். எங்கள் கூத்துக் களரியில் ஏட்டோடு நிற்கும் ஏட்டண்ணாவியாரை நினைத்துக்கொள்ளுங்கள். கூத்துக்காரர் வரி மறந்த கணத்திலேயே அவர் வாயிலிருந்து அடுத்த அடி வந்துவிடும். கூத்துத் தொடங்குவது எத்தனை மணிக்கு என்பது வேறு கதை, அதில் 'பங்ச்சுவல்' தேடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. 'எய்ட் ஷார்ப்', 'எய்ட் ஒன் த டொட்' இரண்டும் ஒரு நிமிடமும் பிசகாத எட்டு மணி. 'அட் த க்ராக் ஒஃப் டோன்' விடியும் வேளை. 'அஹெட் ஒஃப் ஷெடியூல்' பெரும்பாலும் வேலைகளுக்கு. 'ஏர்லி பேர்ட்' இப்போது பெரும்பாலும் வகுப்பு விளம்பரங்களில் கழிவு கொடுக்கத்தான் பயன்படுகிறது. முந்துவது எல்லாம் புகழ்ச்சியுமில்லை: 'ஜம்ப் த கன்' என்றால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் வெடிச் சத்தத்துக்கு முன் ஓடியது போல அவசரப்பட்டது. கூட்டத்தை முந்திய நாளுக்கு மாற்றுவதற்கு இந்தியாவில் 'ப்ரீபோன்' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் வெளிநாட்டாருக்கு எழுதும்போது 'ப்ரிங் ஃபோர்வர்ட்' என்று எழுதுங்கள்.

ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்: 'சூன்'. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் 'உடனடியாக' என்பது. சொன்னவர்கள் எல்லாம் பிந்தி வந்து வந்து, 'கொஞ்சம் பொறு' என்ற அளவுக்கு அது தேய்ந்துபோனது. 'அனோன்', 'ப்ரெசன்ட்லி' ஆகியவற்றுக்கும் அதே கதிதான். கூட்டத்துக்கு ஆள் கூப்பிடப் போனால் "ஒள்ளுப்பம் பொறுங்க, இந்தா வாறம்" என்று பதில் வரும். முதல் மாதம் அதை 'தே ஆர் கமிங் நவ்' என்று பெயர்த்தேன், வெள்ளைக்காரர் வாசலில் நின்றபடியே பார்த்திருந்தார். பிறகு 'சூன்' என்று மாற்றினேன். அவரும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.