பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் சாம்பாரை ஊற்றி ஃப்ரீசரில் வைக்கலாமா?

கேள்வி: வார நாட்களில் சமைக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் வைக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பா, கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் சம்படம் இதில் எதை நம்பலாம்? எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்:

வைக்கலாம். ஆறிய பிறகு, முக்கால் டப்பா அளவுக்கு மட்டும். ஐஸ்கிரீம் டப்பா என்றால், அப்படியே மைக்ரோவேவில் ஏற்றாமல். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் ஆறு வருடமாக ஞாயிறு சமையல் என் பொறுப்பு. நீங்கள் சொன்ன மூன்று வகைப் பாத்திரத்திலும் நான் சொதப்பியாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி. காபித்தூள் வந்த ஒரு பாட்டில், கழுத்து குறுகியது. அதில் தக்காளி ரசத்தைக் கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடியை இறுக்கி, ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் எடுத்தால் பாட்டிலின் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. கீழ்ப்பாதி நாலாகப் பிளந்து, நடுவில் ரசம் பாட்டில் உருவத்திலேயே தூணாக நின்றது; மிளகு, கொத்தமல்லித் தழை எல்லாம் உள்ளே தெரிந்தது. பார்க்க அழகுதான், ஆனால் ஒரு சொட்டு விடாமல் கொட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடிச் சில்லு எங்கே இருக்கிறதென்று யார் தேடுவது?

காரணம் எளிது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். நூறு மில்லி ரசத்துக்கு நூற்றொன்பது மில்லி இடம் வேண்டும். கழுத்து குறுகிய பாட்டிலில் அது மேலே ஏற வழியில்லை, பக்கத்தைத்தான் உடைக்கும். நேர்ச் சுவராக இருக்கும் அகலவாய்க் கண்ணாடிப் பாத்திரமானால், மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு வைக்கலாம். எடுத்ததும் வெந்நீரில் வைக்காதீர்கள், அதற்கும் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். உணவு வைக்கிற பிளாஸ்டிக்தான், கவலை வேண்டாம். அதன் குறை வேறு: குளிரில் விறைத்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒருமுறை என் கை நழுவி மொசைக் தரையில் விழுந்த டப்பா ஓடு மாதிரி சிதறியது. இரண்டாவது, அது குளிர்ந்த பண்டத்துக்காகச் செய்த மெல்லிய டப்பா. கொதிக்கிற குழம்பை, அதுவும் எண்ணெய் மிதக்கிற புளிக்குழம்பை, நேராக ஊற்றினால் டப்பா நெளியும், பிளாஸ்டிக்கில் இருப்பதும் குழம்பில் இறங்கும். நான் ஐஸ்கிரீம் டப்பாவைத் துருவிய தேங்காய்க்கும் உரித்த பட்டாணிக்கும் ஒதுக்கிவிட்டேன். உள்பக்கம் கீறல் விழுந்ததையும் மஞ்சள் ஏறிப் பூண்டு வாசம் போகாததையும் தூக்கிப் போடுகிறேன். அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் "ஏண்டா, நல்ல டப்பாவைப் போய்த் தூக்கிப் போட்டிருக்கே?" என்று குப்பைக்கூடையிலிருந்து ஒன்றை மீட்பது வேறு விஷயம்.

என் கட்சி எவர்சில்வர். தட்டையான சம்படம், பழைய டிஃபன் பாக்ஸ், எதுவானாலும் சரி. குளிரில் நொறுங்காது, வாசம் பிடிக்காது, சூடு சீக்கிரம் கடத்துவதால் வேகமாக உறையும், வேகமாக இளகும். ஒரே தொல்லை, மூடி இறுகிக்கொள்ளும். கத்தியை விட்டு நெம்பாதீர்கள். குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் 'டக்' என்று விட்டுவிடும். ஈரக் கையால் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் மட்டும் புளி சேர்ந்த எதையும் வைக்க வேண்டாம், புளி அதை அரிக்கும்.

சரி, டப்பா புராணம் போதும். கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் டப்பாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் உணவு கெட்டது டப்பாவால் அல்ல, ஆற வைத்த விதத்தால். ஒரு ஞாயிறு இரவு நாலு லிட்டர் சாம்பாரைப் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் ஏற்றினேன். காலையில் டப்பாக்களில் பிரிக்கலாம் என்று கரண்டியை விட்டால், மேலே ஜில்லென்று இருக்கிறது, நடுவில் இன்னும் வெதுவெதுப்பு. ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. இரவு முழுக்க ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தும் நடுப்பகுதி கிருமிகளுக்குத் தோதான சூட்டில் கிடந்திருக்கிறது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைதான் அவை பெருகும் எல்லை. சமைத்தது அந்த எல்லையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறைச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் மே மாதத்துக்கு எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது செய்வது இது. அடுப்பிலிருந்து இறக்கியதும் அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி, முடிந்தால் ஐஸ் போட்டு, பாத்திரத்தை அதில் உட்கார்த்தி அவ்வப்போது கிளறுவேன். ஆவி அடங்கியதும் தட்டை டப்பாக்களில், மூன்று விரல் ஆழத்துக்கு மேல் போகாமல், பிரித்துவிடுவேன். ஒரு டப்பா ஒரு வேளைக்கு. 'சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது' என்பது பாதி உண்மை. கொதிக்கக் கொதிக்க வைத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடாகும், சரி. அதற்காக இரவு முழுக்க மேடையில் கிடக்க விடுவது அதைவிட மோசம்.

சோற்றில் இன்னும் கவனம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. எடுத்ததும் விழித்துக்கொள்ளும். நாளைக்கு வேண்டியதை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி, காலையில் தளதளவென்று கொதிக்க விடுவதுதான் முறை. இளகி வெளியே கிடந்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

எத்தனை நாள் என்றால், ஃப்ரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. ஃப்ரீசர் -18 டிகிரிக்குப் போகுமானால் இரண்டு மூன்று மாதம் ருசியோடு இருக்கும். ஆனால் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் அந்த அளவுக்குப் போகும் என்று நம்ப வேண்டாம். ஃப்ரீசர் கதவில் சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். ஒன்று என்றால் -6, இரண்டு என்றால் -12, மூன்று என்றால் -18. முறையே ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே ஒட்டியிருக்கும் மின்சாரச் சிக்கன நட்சத்திரம் வேறு, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் நானே ஏமாந்தேன்.

எல்லாமே உறைவதற்குச் சரிப்படாது. உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிவிடும், மோர்க்குழம்பு திரிந்துபோகும், அவித்த முட்டை ரப்பர். வேகவைத்த பருப்பு, கொண்டைக்கடலை, புளிக்காய்ச்சல், இஞ்சி பூண்டு விழுது இவையெல்லாம் பிரமாதம். நான் பருப்பை மட்டும் வேகவைத்து உறைய வைத்து, காய், தாளிப்பு இரண்டையும் அன்றன்றைக்குச் சேர்க்கிறேன். சாம்பார் முழுதாக உறைந்து வந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாகக் கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம், கீழே ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். அப்போதிலிருந்து ஃப்ரீசர் மூலையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது: தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன். நாணயம் மேலேயே இருந்தால் சமையல் வேலை மிச்சம். அடியில் கிடந்தால் இடையில் கரண்ட் போய் எல்லாம் இளகியிருக்கிறது என்று அர்த்தம்; எல்லா டப்பாவும் காலி, அன்றைக்கு ஹோட்டல் சாப்பாடு.